கட்டிக்கொண்டே இருக்கும் அணை: முல்லைப்பெரியாற்றின் பொறியியல் மரபு

முல்லைப்பெரியாறு அணையில் 104 அடிக்குக் கீழே கிடக்கும் தண்ணீரில் ஒரு சொட்டுகூடத் தமிழ்நாட்டுக்கு வருவதில்லை. நாளிதழ்களில் அன்றாடம் அச்சாகும் நீர்மட்டக் கணக்கைப் படிக்கிறவர்களில் பலர், அணையில் எத்தனை அடி இருக்கிறதோ அத்தனையும் நமக்குத்தான் என்று எண்ணிக்கொள்கிறார்கள். தேக்கடியில் மலையைக் குடைந்து போட்ட வழியின் தரைமட்டமே 104 அடியில்தான் தொடங்குகிறது. அதைத் தாண்டி ஏறும் நீர்தான் கிழக்கே திரும்பும். அடியில் கிடக்கும் ஏறத்தாழ ஐந்து டி.எம்.சி. தண்ணீருக்கு மேலே வரும் நீரைத் தூக்கிப் பிடிப்பது ஒன்றே வேலை.

இந்த ஒரு விவரத்தைப் பிடித்துக்கொண்டால் அணை வேறு மாதிரி தெரியத் தொடங்கும். மேட்டூரும் வைகையும் தண்ணீரைச் சேர்த்து வைக்கக் கட்டியவை. பெரியாறு அணை, ஓர் ஆற்றை அது ஒருபோதும் ஏறியிராத உயரத்துக்கு ஏற்றி, மலைமுகட்டின் மறுபக்கம் தள்ளிவிடக் கட்டியது. சேமிப்பு அதற்கு இரண்டாம் பட்சம். ஆனால் தமிழில் இந்த அணையைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் ஒரு வெள்ளைக்காரரின் தியாகக் கதையாகவோ, இரண்டு மாநிலங்களின் வழக்காகவோ முடிந்துவிடுகின்றன. நடுவில் தொலைந்துபோவது அணையேதான். அது எப்படி யோசிக்கப்பட்டது, எதனால் கட்டப்பட்டது, எந்த அறியாமையோடு கட்டப்பட்டது, பிறகு யார் யார் அதைத் திருத்தினார்கள் என்ற கேள்விகளை வரிசையாகக் கேட்டுப் பார்த்தால், 1895-இல் முடிந்த வேலையாக இது தெரியாது. இன்றுவரை விட்டுவிட்டு நடந்துவரும் ஒரு கட்டுமானமாகவே தெரியும்.

பெரியாறு சிவகிரி மலைப்பகுதியில் பிறந்து, முல்லையாற்றைச் சேர்த்துக்கொண்டு, மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கிறது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை மலையின் மேற்குச் சரிவே வாங்கிக்கொள்கிறது. கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கும் அதற்கப்பால் வைகைப் படுகையும் மழை மறைவில் கிடக்கின்றன. இரண்டுக்கும் நடுவே நிற்கும் முகடு தேக்கடிப் பக்கம் தாழ்ந்திருக்கிறது. அந்தத் தாழ்வைக் கண்டவர்களுக்கு நூறாண்டுக் காலம் ஒரே யோசனைதான் திரும்பத் திரும்பத் தோன்றியிருக்கிறது.

முதலில் பதிவாகியிருப்பது இராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளையின் முயற்சி. 1789-இல் அவர் விவரமறிந்த ஆட்களை மலைக்கு அனுப்பிப் பார்த்தார். செய்யலாம், ஆனால் சமஸ்தானத்தின் கஜானா தாங்காது என்று தெரிந்து விட்டுவிட்டார். வைகையின் கடைமடையில் இருந்தவர்களுக்குத்தான் அந்த ஆற்றின் வறட்சி முதலில் சுட்டிருக்க வேண்டும். அதனால் யோசனை அங்கிருந்து வந்ததில் வியப்பில்லை. 1808-இல் கும்பினியின் கேப்டன் ஜேம்ஸ் கால்டுவெல் வந்து பார்த்து, நடக்காத காரியம் என்று எழுதினார். 1850-இல் ஒரு சிறிய அணைக்கு வேலையே தொடங்கியது. காய்ச்சலுக்கு அஞ்சிய கூலியாட்கள் கூடுதல் கூலி கேட்டார்கள், வேலை நின்றது. 1867-இல் மேஜர் ரைவ்ஸ் ஒரு மண் அணைத் திட்டம் கொடுத்தார். அவருக்குப் பின் ஸ்மித் என்ற பொறியாளர் அதைவிடப் பெரிய மண் அணையும், முகட்டை வெட்டுவதற்குப் பதில் சுரங்கமும் என்று மாற்றினார். 1876-78 பெரும் பஞ்சம் வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. அதே பஞ்சம்தான் பிறகு சென்னை அரசைக் கோப்பைத் திறக்கவும் வைத்தது. 1882-இல் திட்டத்தைத் திருத்தி எழுதும் பொறுப்பு ஜான் பென்னிகுயிக்கிடம் வந்தது. ஆக, அவர் வெறும் தாளில் தொடங்கவில்லை. முன்னே வந்தவர்கள் எழுதி வைத்த திட்டங்களும் அவற்றின் பிழைகளும் அவருக்கு முன்னால் விரிந்து கிடந்தன.

இனி உயரக் கணக்கு. அணை குட்டையாக இருந்தால் முகட்டை மிக ஆழமாக வெட்ட வேண்டும். சுரங்கமும் நீளும். அணையை உயர்த்தினால் மலைக்குள் வேலை குறையும், ஆனால் ஆற்றுக்குள் வேலை மலையளவு கூடும். இந்த இழுபறியில் ஒரு சமநிலையைக் கண்டுபிடித்ததுதான் 1884-இல் ஒப்புதல் பெற்ற திட்டத்தின் சாமர்த்தியம். ஆற்றுப்படுகையிலிருந்து 152 அடிக்கு நீர் நிற்கும். அஸ்திவாரத்தின் அடியிலிருந்து அளந்தால் அணை 176 அடி. நீளம் 1,200 அடி. அந்த உயரத்துக்கு நீர் ஏறும்போது பள்ளத்தாக்கின் கிளைகளுக்குள் புகுந்து தேக்கடி முகட்டின் காலடிவரை தானே போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஏரியே பாதிக் கால்வாயின் வேலையைச் செய்கிறது. மிச்சம் ஏறத்தாழ ஒரு மைலுக்குத் திறந்த வெட்டும், ஒரு மைலுக்குச் சற்று அதிகமான சுரங்கமும். சுரங்கத்தை விட்டு வெளியே வரும் நீர் மலைச்சரிவில் இறங்கி, வைரவனாறு, சுருளியாறு வழியாக வைகையைச் சேர்கிறது. அணைக்கும் சுரங்கத்துக்கும் இடையே நல்ல தொலைவு இருக்கிறது. அணையைப் பார்த்தவர் சுரங்கத்தைப் பார்ப்பதில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்காதவரை, இது ஏதோ காட்டுக்குள் நிற்கும் ஒரு பழைய கல்சுவர்தான்.

தேக்கடியில் படகேறும் சுற்றுலாப் பயணிகள் யானையைத் தேடிக் கரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். தண்ணீருக்கு நடுவே கரிய முண்டங்களாக நிற்கும் மரக்கட்டைகளின் மேல் நீர்க்காகம் இறக்கையை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும். அவை அணை நிரம்பியபோது மூழ்கிய காட்டின் மிச்சம். பட்டை போய், கிளை போய், நூற்று முப்பது ஆண்டுகளாக நீருக்குள்ளும் வெளியிலுமாக நிற்கின்றன. மரக்கட்டை வெளியே எவ்வளவு தெரிகிறது என்பதைக் கொண்டு அன்றைய நீர்மட்டத்தைக் கண்ணாலேயே மதிப்பிட்டுவிடலாம். இந்த ஏரியைச் சுற்றிய காடு 1934-இல் சரணாலயமாகி, 1978-இல் புலிகள் காப்பகமானது. ஒரு பாசனத் திட்டத்தின் எதிர்பாராத பிள்ளை என்றுதான் அதைச் சொல்ல வேண்டும்.

ஏற்றி அனுப்பும் அணை என்பதால் அடிக்கணக்கின் பொருளும் மாறிப்போகிறது. 152 அடியில் மொத்தக் கொள்ளளவு 15.5 டி.எம்.சி.; அதில் எடுக்கக்கூடியது சுமார் 10.4. நீர்மட்டம் 136 அடி என்றால் எடுக்கக்கூடியது சுமார் 6 டி.எம்.சி. மட்டுமே. மேலே உள்ள 16 அடியில் பயன்படும் நீரில் ஐந்தில் இரண்டு பங்கு இருக்கிறது. மேலே போகப் போக ஏரி அகன்று விரிவதால் ஒவ்வோர் அடியும் முந்தைய அடியைவிடக் கனமானது. 136, 142, 152 என்ற மூன்று எண்களுக்காக இரு மாநிலங்கள் அரை நூற்றாண்டாக மல்லுக்கட்டுவது வீம்புக்கு என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதுண்டு. கம்பத்தில் இருபோகம் செய்கிறவரிடம் கேட்டால் வீம்பா இல்லையா என்பது தெரியும். உச்ச நீதிமன்றம் அமைத்த, நீதிபதி ஏ.எஸ்.ஆனந்த் தலைமையிலான ஐவர் குழு, 2012-இல் கொடுத்த அறிக்கையில் 50 அடி மட்டத்தில் இன்னொரு சுரங்கம் போடலாம் என்ற யோசனையையும் ஒரு மாற்றாக முன்வைத்தது. அப்படிச் செய்தால் அடியில் தேங்கிக் கிடக்கும் நீரும் கிழக்கே வரும், அணையின் மேல்மட்டத்தை நம்பியிருக்கும் அவசியமும் குறையும். வழக்கின் கூச்சலில் அதிகம் பேசப்படாமல் போன, ஆனால் மூலத்திட்டத்தின் தர்க்கத்தோடு நன்றாகவே பொருந்தும் யோசனை இது என்பது என் கருத்து.

கட்டுமானப் பொருளுக்கு வருவோம். ரைவ்ஸும் ஸ்மித்தும் மண் அணை என்றார்கள். பென்னிகுயிக் கல்லும் காரையும் என்றார். காரணம் எளிது. மண் அணை கட்டிக்கொண்டிருக்கும்போது வெள்ளம் மேலேறி வழிந்தால் அதோடு முடிந்தது. கல் அணை பாதியில் நிற்கும்போது வெள்ளம் அதன் தலைமேல் ஏறிப் போனாலும் கட்டிய வரைக்கும் நிற்கும். பெரியாற்றின் மழையில் இதுதான் முதல் கேள்வி. ஆற்றைத் திருப்பப் போட்ட தற்காலிக அணைகளை வெள்ளம் பலமுறை அடித்துக்கொண்டு போனது. ஆற்றுப்படுகையிலிருந்து தலைதூக்குகிறவரைக்கும் வேலை ஒவ்வொரு பருவத்தோடும் போடும் சூதாட்டமாகவே இருந்தது.

அணையின் முன்முகமும் பின்முகமும் கருங்கல் கட்டு. நடுவயிறு முழுக்கச் சுண்ணாம்பும் சுர்க்கியும் மணலும் சேர்ந்த காரையில் உடைகல்லைப் போட்டு இடித்த கான்கிரீட். அடியில் 140 அடிக்கு நெருங்கிய அகலம். உச்சியில் 12 அடி. சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லை, அல்லது சுட்ட களிமண்ணை, இடித்த பொடி. வெறும் சுண்ணாம்புக் காரை காற்றிலுள்ள கரியமிலவாயுவை இழுத்துத்தான் இறுகும். தடித்த சுவரின் உள்வயிற்றுக்குக் காற்று போகாது, அங்கே சுண்ணாம்பு பச்சையாகவே கிடக்கும். சுர்க்கியைச் சேர்த்தால் அதிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு ஈரத்திலேயே வினைபுரிந்து கல்லாகின்றன. தண்ணீருக்குள் இறுகும் காரை வேண்டுமென்றால் சிமென்ட் இல்லாத நாட்டில் இதுதான் வழி. இந்தியாவில் அப்போது சிமென்ட் ஆலை கிடையாது, கப்பலில் வரவேண்டும். கம்பம் பள்ளத்தாக்குக்கு ரயிலும் கிடையாது. கொடைக்கானல் ரோடு என்று இன்று அழைக்கப்படும் அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறக்கி, அங்கிருந்து மாட்டு வண்டியில் பள்ளத்தாக்கு முழுக்க இழுத்து, பிறகு மலையேற்ற வேண்டும். கல்லும் சுண்ணாம்பும் பக்கத்திலேயே கிடைத்தால்தான் கணக்கு நிற்கும். முட்டையும் வெல்லமும் கடுக்காயும் கலந்து கட்டினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். வீட்டுச் சுவர் பூச்சுக்கு அதெல்லாம் உண்டு, செட்டிநாட்டில் இன்றும் பார்க்கலாம். இந்த அளவுள்ள அணைக்கு முட்டை உடைப்பதென்றால் மாகாணத்துக் கோழிகள் போதாது.

சுர்க்கி பெரியாற்றுக்கு மட்டும் உரியதன்று. புனேக்கு அருகே 1879-இல் முடிந்த கடக்வாஸ்லா, பம்பாய்க்குக் குடிநீர் தந்த தான்சா, மைசூரின் கிருஷ்ணராஜ சாகர் எல்லாம் கல் அணைக் குடும்பந்தான். ரோமானியர்கள் எரிமலைச் சாம்பலைக் கலந்து செய்ததை நம்மூர்க் கொத்தனார்கள் செங்கல் பொடியில் செய்துவந்தார்கள். காலனியப் பொறியாளர்கள் அதை எடுத்து அளவு குறித்து, ஆலை வைத்து அரைத்து, அணைக்கட்டின் அளவுக்குப் பெருக்கினார்கள். இந்த மரபில் இங்கிலாந்தின் பங்கு எவ்வளவு, இங்கே ஏற்கெனவே இருந்தது எவ்வளவு என்று பிரிக்கப் போனால், வரைபடம் அவர்களுடையது, காரை நம்முடையது என்று ஒருவாறு சொல்லலாம்.

அந்த வரைபடத்தின் கதை பிரான்ஸில் தொடங்குகிறது. தன் எடையாலேயே நீரின் தள்ளுவிசையைத் தாங்கி நிற்கும் அணையின் குறுக்குவெட்டு எப்படி இருக்க வேண்டும் என்ற கணக்கை 1853-இல் சாசிலி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் வகுத்தார். 1866-இல் முடிந்த ஃபியூரன்ஸ் அணை அதை உண்மையாக்கிக் காட்டியது. 1872-இல் ஸ்காட்லாந்தின் ராங்கின் அதில் ஒரு விதியைச் சேர்த்தார்: அணை நிரம்பினாலும் காலியானாலும், கல்கட்டின் எந்த இடமும் இழுவிசைக்கு ஆளாகக் கூடாது. அக்காலத்தில் கல் அணைக் கணக்கென்றால் இவைதான். பெரியாறு அணையும் இந்தப் பரம்பரையில் வந்தது. கணக்கு சரிதான், ஆனால் அதில் ஒன்று விடுபட்டிருந்தது.

அணையின் அடியிலும் அதன் வயிற்றிலுள்ள நுண்ணிய வெடிப்புகளிலும் புகும் நீர் மேல்நோக்கித் தள்ளும். கிணற்றுக்குள் மூழ்கிய கல்லைத் தூக்கும்போது அதன் எடை குறைந்து தெரிவதுபோல, அணையும் தன் எடையில் ஒரு பகுதியை இழந்துவிடும். எடையையே நம்பி நிற்கும் கட்டுமானத்துக்கு இது உயிர்நிலையில் விழும் அடி. வேல்ஸ் நாட்டின் விர்ன்வி அணையைக் கட்டியவர்கள் இதை உணர்ந்து, 1880-களிலேயே அடியில் வடிகால் வழிகள் வைத்தார்கள். பொறியியல் உலகம் பொதுவாக அதைக் கண்டுகொள்ளவில்லை. 1895 ஏப்ரல் 27 அன்று கிழக்குப் பிரான்ஸில் பூசே என்ற அணையின் மேற்பகுதி பெயர்ந்து சாய்ந்தது. எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பதினொரு ஆண்டு முன்பே அந்த அணை அடியோடு சற்று நகர்ந்து எச்சரித்திருந்தது. விபத்துக்குப் பின் மோரிஸ் லெவி என்ற அறிஞர் மேலுந்து விசையைக் கணக்கில் சேர்த்தே ஆகவேண்டும் என்று விதி எழுதினார். அதே ஆண்டு அக்டோபரில், சென்னை கவர்னர் வென்லாக் பிரபு பெரியாறு அணையைத் திறந்துவைத்தார்.

பெரியாறு அணை இடிந்துவிடும் என்பதற்கு இது சான்றாகாது. பூசேயின் குறுக்குவெட்டு மிக மெலிந்தது, பெரியாறு தடித்தது. ஆனால் உலகம் ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்ட ஆண்டில், அந்தப் பாடத்துக்கு முந்தைய கணக்கில் கட்டி முடிந்த அணை இது. உள்ளே நடந்துபோய்ப் பார்க்கும் காலரி கிடையாது, வடிகால் துளை கிடையாது. அடுத்த நூறாண்டில் அணைக்குச் செய்யப்பட்ட வேலைகளில் பெரும்பகுதி, 1895-இல் விடுபட்டதைப் பின்னால் போய்ச் சேர்க்கும் வேலைதான்.

முதல் சுற்று வெள்ளைக்காரர் காலத்திலேயே நடந்தது. கசிவு தெரிந்து, 1930-33-இல் அணையின் மேலிருந்து துளையிட்டுச் சிமென்ட் கரைசலை உள்ளே செலுத்தினார்கள். பிறகு நீர்ப்பக்க முகத்தில் சிமென்ட் கலவையைப் பீய்ச்சிப் பூசினார்கள். 1960-இல் இன்னும் பெரிய அளவில், ஐந்நூறு டன்னுக்கு மேல் சிமென்ட் உள்ளே போனது. சுண்ணாம்பு அணைக்குள் சிமென்ட் நுழைந்த கதை இது. 1979 ஆகஸ்டில் குஜராத்தின் மச்சு அணை உடைந்து மோர்வி நகரமே அழிந்தபோது, கேரளத்தில் பெரியாற்றைப் பற்றிய அச்சம் தீப்பற்றியது. அந்த நவம்பரில் மத்திய நீர் ஆணையத் தலைவர் கே.சி.தாமஸ் நேரில் வந்து ஆராய்ந்தார். நீர்மட்டத்தை 136 அடிக்குக் குறைத்துவிட்டு மூன்று வேலைகளைச் செய்யச் சொன்னார்கள்.

ஒன்று, அணையின் தலைமேல் ஒரு கான்கிரீட் தொப்பி: பல்லாயிரம் டன் கூடுதல் எடை. இரண்டாவதுதான் எனக்குப் பெரிய வியப்பு. அணையின் உச்சியிலிருந்து செங்குத்தாகத் துளையிட்டு, வயிறு முழுக்கக் கடந்து, அஸ்திவாரப் பாறைக்குள் முப்பது அடி இறங்கி, அங்கே எஃகு வடங்களை நங்கூரமிட்டார்கள். ஒரு வடத்தில் 7 மில்லிமீட்டர் தடிப்புள்ள 34 கம்பிகள். ஒவ்வொரு வடத்தையும் 120 டன் விசையில் இழுத்துப் பூட்டினார்கள். அப்படி 95 வடங்கள். எடை போதாத அணையைப் பாறையோடு சேர்த்துக் கட்டிவிட்டது போன்ற வேலை. நூறாண்டை நெருங்கிய பழைய சுண்ணாம்புக் கட்டுக்குள், அது பிளந்துவிடாமல், கோணம் தவறாமல் இவ்வளவு ஆழம் துளையிட்டவர்களின் பெயர் எந்தச் சிலையின் பீடத்திலும் இல்லை. மூன்றாவது, அணையின் பின்முகத்தோடு ஒட்டி ஒரு புதிய கான்கிரீட் அணையையே எழுப்பியது. பழையதும் புதியதும் சேர்ந்து ஒரே உடம்பாக வேலை செய்ய வேண்டும் என்பதற்காக இரண்டையும் பல்லுக்குப் பல் கோத்தார்கள். சுண்ணாம்புக் கட்டு இளகியது, சிமென்ட் விறைப்பானது; இரண்டும் உண்மையில் எவ்வளவு ஒன்றாக வேலை செய்கின்றன என்று பொறியாளர்களிடையே விவாதம் உண்டு. உபரிநீர் மதகுகளும் பத்திலிருந்து பதின்மூன்றாயின.

புதிய பின்சுவரில் காலரிகள் வைத்தார்கள். 1895-இல் இல்லாத காது அப்போதுதான் அணைக்கு வந்தது. கசியும் நீரைச் சிறு கால்வாயில் சேர்த்து, வி வடிவ வெட்டுள்ள தகட்டின் வழியாக விட்டு, வெட்டில் நீர் எவ்வளவு உயரத்தில் வழிகிறது என்று பார்த்து, நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று கணக்கெழுதுகிறார்கள். கண்காணிப்புக் குழு, துணைக்குழு என்று யார் வந்தாலும் பிரதான அணை, அதன் பக்கத்திலுள்ள சிறிய பேபி அணை, மதகுகளோடு இந்தத் தகட்டையும் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். நீர்மட்டம் ஏறினால் கசிவு ஏறவேண்டும், இறங்கினால் இறங்கவேண்டும். அந்த ஒழுங்கு தப்பினால்தான் கவலை. கசிவே இல்லாத கல் அணை உலகத்தில் கிடையாது. கசிவில் சுண்ணாம்பும் கரைந்து போகிறது என்பது கேரளத் தரப்பின் வாதம்; அதிலும் உண்மை இருக்கிறது. எந்த வேகத்தில் கரைகிறது, செலுத்திய சிமென்ட் அதை எவ்வளவு ஈடுகட்டியது என்பதில்தான் கருத்து வேறுபாடு.

இந்த வேலைகளையெல்லாம் எடைபோட்டுத்தான் உச்ச நீதிமன்றம் 2006 பிப்ரவரியில் 142 அடிக்கு அனுமதித்தது. கேரளம் அடுத்த மாதமே சட்டம் இயற்றி 136-ஐ நிலைநிறுத்தப் பார்க்க, 2014 மே 7-இல் அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டத்தைச் செல்லாதென்றது. அந்த நவம்பரில் நீர் 142-ஐத் தொட்டது. தீர்ப்போடு கேரளத்தின் அச்சம் தீர்ந்துவிடவில்லை. அதைக் கேலி செய்வதற்கும் இடமில்லை. அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறும் உப்புத்தறையும் இருக்கின்றன, அதற்கும் கீழே இடுக்கியின் பேரணை. 1961-இல் மேலே பான்ஷெட் உடைந்த வெள்ளத்தில் கீழே கடக்வாஸ்லா உடைந்ததை இந்தியப் பொறியியல் மறக்கக் கூடாது. ஆற்றில் அணைகள் வரிசையாக நிற்கும்போது ஒன்றின் பாதுகாப்பு மற்றொன்றின் பாதுகாப்பிலிருந்து பிரிந்ததன்று.

கதைகளையும் சற்றுப் பார்த்துவிடலாம், ஏனென்றால் இரு பக்கமும் ஒவ்வொன்று உண்டு. தற்காலிக அணைகள் அடித்துப்போனதும் அரசு கைவிரித்துவிட்டது, பென்னிகுயிக் இங்கிலாந்தில் சொத்தையும் மனைவியின் நகையையும் விற்றுக் கட்டினார் என்பது நம் பக்கத்துக் கதை. திட்டம் சென்னை அரசின் செலவில் நடந்தது. சொத்து விற்றதற்கு ஆவணச் சான்றை யாரும் முன்வைக்கவில்லை. அவரே 1897-இல் லண்டன் சிவில் பொறியாளர் கழகத்தில் பெரியாற்றைத் திருப்பியது பற்றி விரிவாகக் கட்டுரை படித்தார். அவர் மதிப்பைக் காப்பாற்ற அந்தக் கட்டுரை போதும், நகை விற்ற கதை தேவையில்லை. மலைக்கு அந்தப் பக்கத்துக் கதை, திருவிதாங்கூரின் விசாகம் திருநாள் மகாராஜா இதயத்து இரத்தத்தால் கையெழுத்திடுவதாகப் புலம்பி அணை நிலத்துக்கான குத்தகை ஒப்பந்தம் போட்டார் என்பது. அவர் 1885-இலேயே காலமாகிவிட்டார். ஒப்பந்தம் 1886 அக்டோபர் 29 அன்று, மூலம் திருநாள் காலத்தில், திவான் ராமய்யங்கார் கையெழுத்தில் முடிந்தது. 999 ஆண்டு, 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு ஐந்து ரூபாய். சமமான இருவர் போட்ட ஒப்பந்தம் என்று அதைச் சொல்ல முடியாதுதான். 1970-இல் அதைத் திருத்தி வாடகையை முப்பது ரூபாயாக்கினார்கள். அதே திருத்தத்தில்தான் பெரியாற்று நீரில் ஓடும் லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கும் முறையான இடம் கிடைத்தது. அதற்கு முன், பாசனத்துக்கு என்று கொடுத்த நீரில் மின்சாரம் எடுக்கக்கூடாது என்று 1941-இன் நடுவர் தீர்ப்பு ஒன்று தடையாக இருந்தது.

தைப்பொங்கல் அன்று, பென்னிகுயிக்கின் பிறந்தநாளான ஜனவரி 15-ஐ ஒட்டி, கம்பம் பள்ளத்தாக்கில் அவர் படத்துக்கு முன் பொங்கல் வைக்கிறார்கள். 2013-இல் லோயர் கேம்பில் மணிமண்டபமும் எழுந்தது. நன்றி சொல்வது நல்ல பழக்கம். அதில் குறைகாண எனக்கு விருப்பமில்லை. ஆனால் சென்னை பயனீர்ஸ் படையின் முதலாம், நான்காம் பட்டாலியன்களும், கொச்சியிலிருந்து வந்த தச்சர்களும், பள்ளத்தாக்கிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் ஏறிப்போன கூலியாட்களும் சேர்ந்துதான் அந்தக் காட்டில் எட்டு ஆண்டு உழைத்தார்கள். நோயால் இறந்தவர்கள் மட்டும் 483 பேர் என்பது பதிவான கணக்கு. அணைக்கு வடக்கே அவர்களைப் புதைத்த இடம் இருக்கிறது. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் கண்டுபிடித்தது 1897-இல், அணை முடிந்து இரண்டாண்டு கழித்து. என்ன நோய் எதனால் வருகிறது என்று தெரியாமலேயே செத்தார்கள். ஒன்றரை லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம், ஐந்து மாவட்டத்துக்கு நீர் என்று கூட்டிச் சொல்லும் கணக்கில் இவர்களும் ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

இந்த அணையைக் காப்பாற்ற வேண்டிய மரபுச் சின்னம் என்று சொல்கிறவர்களும், இடித்துவிட்டுப் புதிது கட்டவேண்டிய ஆபத்து என்று சொல்கிறவர்களும், 1895-இல் உறைந்துபோன ஒரு பொருளைப் பற்றிப் பேசுவதுபோலவே பேசுகிறார்கள். இன்று அங்கே நிற்பது பென்னிகுயிக்கின் சுண்ணாம்புக் கட்டு, 1930-களின் சிமென்ட் கரைசல், 1980-களின் எஃகு வடம், அதன் முதுகில் இன்னொரு அணை. இதில் ஒவ்வோர் அடுக்கும் முந்தையவர் அறியாததை அறிந்தவர் சேர்த்தது. ஆகவே எது பழையது என்று கேட்பதைவிட, எந்தப் பகுதி எவ்வளவு சுமையைத் தாங்குகிறது என்று அளந்து, அந்த அளவை இரு மாநில மக்களும் பார்க்கும்படி வெளியிடுவதே உருப்படியான வேலை. நடுநிலையான பாதுகாப்பு ஆய்வு ஒன்று இரு தரப்பு வல்லுநர்கள் முன்னிலையில் நடந்து அதன் தரவு பொதுவில் வந்தால், வதந்திக்குப் பாதி இடம் போய்விடும்.

அதுவரை செய்யவேண்டியது தெரிந்தே இருக்கிறது. பிரதான அணைக்கு இவ்வளவும் செய்தாகிவிட்டது. பக்கத்திலிருக்கும் 240 அடி நீளப் பேபி அணைக்கும் மண் அணைக்கும் பலப்படுத்தும் வேலை பாக்கி. அதற்குத் தளவாடம் கொண்டுபோகச் சாலை செப்பனிட வேண்டும், அணையடியில் நிற்கும் சில மரங்களை வெட்டவேண்டும். இடம் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் மரத்துக்கு அனுமதி கேட்டுத் தமிழக நீர்வளத்துறை எழுதுவதும், அனுமதி வருவதும், வந்தது 2021-இல் சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டதும், வழக்கு மீண்டும் உச்ச நீதிமன்றம் போனதும் செய்தித்தாள் படிப்பவர்களுக்குத் தெரியும். 152 அடிக்கு நீரைத் தேக்குவது பற்றிய எந்தப் பேச்சும் பேபி அணை வேலை முடிந்த பிறகுதான் என்று தீர்ப்புகளின் போக்கே சொல்கிறது. பலமான அணை வேண்டும் என்று கேட்பவர்களும் பலப்படுத்த விடு என்று கேட்பவர்களும் இந்த ஒரு வேலையில் மட்டும் ஒரே பக்கம் நிற்கலாம்.